எட்டு மிஷினுக்கு இரண்டு பேர்

மே 12, திங்கள்

காலை ஐந்து மணி: இட்லி இரண்டு, தேங்காய்ச் சட்னி. ஐந்தே முக்காலுக்கு பஸ்ஸில் குமட்டல். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி பாத்ரூமில் வாந்தி.

டாக்டர் ஹமீதா இப்படித்தான் எழுதச் சொன்னார். என்ன சாப்பிட்டேன், எப்போது குமட்டியது, ஒரு மாதத்துக்கு விடாமல். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, புண் இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. "ஏதோ ஒரு சாப்பாடு ஒங்களுக்குச் சேரல பியூலா. எழுதிட்டு வாங்க, கண்டுபிடிச்சிரலாம்" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

இன்று செவிலியர் தினம். நிர்வாக ஆபீஸிலிருந்து கிளமெண்ட் எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்து கேக் வெட்டினார். ஆளுக்கொரு ரோஜா. "நீங்கள்லாம் தேவதைங்க மேடம்" என்றார். தேவதைகளில் ஒருத்தி பிப்ரவரியில் குவைத்துக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி கல்யாணமாகி ஓசூருக்கு. நான்கு பேர் பார்த்த எட்டு மிஷினை அன்றிலிருந்து நானும் சுபாவும் பார்க்கிறோம். ஆள் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். "பாத்துக்கிட்டே இருக்கோம் மேடம், கேக் எடுங்க."

கேக் ஒரு வாய். துப்பிவிட்டேன்.

மே 14, புதன்

காலை: பால் இல்லாத டீ அரை டம்ளர். குமட்டல் ஐந்தரையிலிருந்து. செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டது.

டயாலிசிஸ் குழாய்களைக் கழுவும் மருந்துக்கு வினிகர் போன்ற காடி வாடை உண்டு. ஒன்பது வருஷமாக முகர்கிற வாடைதான். இப்போது அது என் தலைமுடியில் இருக்கிறது, டிபன் பாக்ஸில் இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் வயிறு புரள்கிறது. ஊறுகாயை நிறுத்திப் பார்க்கலாம்.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி இன்றும் நாலரை கிலோ கூடுதலாக வந்தார். ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். திங்கள், புதன், வெள்ளி காலை ஷிப்ட். கிட்னி போனவர்களுக்கு மூத்திரம் வராது. குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும், அதை மிஷின்தான் உறிஞ்சி எடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று நான்கு வருஷமாகச் சொல்கிறேன்.

"என்ன அண்ணாச்சி இது, நாலரை கிலோவா?"

"வெயிலப் பாத்தியளா சிஸ்டர்? நாக்கு ஒட்டிக்கிடுது. ஒரே ஒரு எளநி, அவ்வளவுதான்."

"எளநியா? அதுல இருக்க பொட்டாசியம் நெஞ்ச நிறுத்திரும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"நின்னா நின்னுட்டுப் போவுது. எளநி குடிச்சுச் செத்தான்னு நாலு பேரு பெருமையாச் சொல்லுவான்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பெல்லாம் நானும் சிரிப்பேன். இன்று அவர் ஈரமான உதட்டையும், வீங்கிய காலில் சாக்ஸ் பதிந்த வரியையும் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது. அந்தக் காலைத் தொட்டு அழுத்திப் பார்க்கவேண்டும். பார்க்காமலே "வீக்கம் உண்டு" என்று எழுதினேன்.

மே 16, வெள்ளி

சாப்பிட்டது: ஒன்றுமில்லை. குமட்டல்: நாள் முழுக்க.

மே 18, ஞாயிறு

எங்கள் பிரிவுக்கு விடுமுறை. கோவிலுக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் ஜெபராஜும் மகள் ஜெமிமாவும் மட்டும் ஆராதனைக்குப் போனார்கள். ஒன்பது மணி வரை தூங்கினேன்.

மதியம் சோறு, சாளை மீன் குழம்பு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். குமட்டலே இல்லை. மீன் எனக்குச் சேர்கிறது என்று நினைக்கிறேன். டாக்டரிடம் சொல்லவேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு லேசாகக் குமட்டியது. நாளைக்குப் போடும் யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டு வாடையாக இருக்கும்.

மே 21, புதன்

காலை: ரொட்டி ஒன்று. வாந்தி 6.20.

கோமதி டீச்சர் நேற்று வீட்டிலேயே இறந்துபோனார்களாம். ஆறு வருஷம் எங்களிடம் வந்தவர்கள். மகன் போன் செய்து சொன்னான், அழுதான். "சரிப்பா, கார்டையும் பைலையும் வந்து ஒப்படைச்சிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சுபாவிடம், "நல்லதாப் போச்சு, செவ்வாக்கிழம மத்தியானம் ஒரு கட்டில் கொறையும்" என்றேன்.

சுபா கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அக்கா, டீச்சர் ஒங்க மகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாங்கல்லா?"

ஆமாம், சொல்லிக் கொடுத்தார்கள்தான், கட்டிலில் படுத்தபடியே, ஒரு கையில் ஊசியோடு. அதற்கு நான் என்ன செய்ய? இதில் அவள் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது? சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வந்தாயிற்று.

மே 24, சனி

மதிய ஷிப்ட் முடிந்தபின் எங்களை மீட்டிங் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். "மன அழுத்தத்தை வெல்வது எப்படி" என்று வகுப்பு. வந்தவன் வாசனைத் தைலமும் வெள்ளைப் பல்லுமாக இருந்தான். ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து, கவலையெல்லாம் அதற்குள் ஊதச் சொன்னான். ஊதினோம். பிறகு வெடிக்கச் சொன்னான். "இப்ப லேசா இருக்கா?" என்றான். எல்லாரும் "இருக்கு சார்" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். என் குரலைக் கேட்டு எனக்கே சீ என்றிருந்தது.

அந்த ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடக்கையில் மிஷின்களைக் கழுவவில்லை. போய்க் கழுவிவிட்டு வீட்டுக்கு வர ஒன்பதாகிவிட்டது.

சாப்பிட்டது: வகுப்பில் கொடுத்த சமோசா. வாந்தி.

ஜூன் 1, ஞாயிறு

இன்று மீன் இல்லை. வெறும் புளிச்சோறும் துவையலும். ஊறுகாயும் தொட்டுக்கொண்டேன். குமட்டவில்லை. அப்படியென்றால் மீனும் ஊறுகாயும் காரணமில்லை. வேறென்னவென்று புரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

ஜெமிமாவுக்கு நேற்று பள்ளி திறந்தது. பிளஸ் ஒன். சாயங்காலம் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு புது டீச்சரைப் பற்றி ஏதோ சொன்னாள். அவள் கை வியர்வையாக இருந்தது. தட்டிவிட்டேன். "தொடாத, நாள் முழுக்க ஆளுங்களத் தொட்டுட்டு வாரேன்" என்றேன்.

அவள் உள்ளே போனாள். ஜெபராஜ் பேப்பரை மடித்து வைத்தார்.

"பியூலா, நீ வீட்டுல ஒரு வார்த்த நல்லதாப் பேசி எத்தன நாளாச்சு தெரியுமா?"

"எனக்கு வயிறு சரியில்ல."

"வயிறு மட்டுந்தானா?"

நான் எழுந்து குளிக்கப் போனேன். இன்றைக்கு மூன்றாவது குளியல்.

ஜூன் 6, வெள்ளி

காலை: ஒன்றும் சாப்பிடவில்லை. குமட்டல்: ஐந்து மணியிலிருந்து.

சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்கு மிஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கி வலிப்பு வந்தது. சரியாகிவிட்டது. இரண்டு நாள் ஐசியுவில் வைத்துப் பார்ப்பார்கள். டயாலிசிஸில் இது நடக்கிறதுதான்.

நான் பிரஷர் எழுதிய தாள் சரியாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

ஜெபராஜ் மீன் வாங்கிவந்து அவரே குழம்பு வைத்தார். இரண்டு வாய். வாந்தி. ஞாயிற்றுக்கிழமை வாந்தி எடுப்பது இதுதான் முதல் தடவை.

ஜூன் 9, திங்கள்

அண்ணாச்சி கட்டிலில் இன்று வேறு ஆள். அவரை வார்டுக்கு மாற்றியிருக்கிறார்களாம். ஒரு பக்கம் வாய் லேசாக இழுத்திருக்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. எட்டு மிஷினை விட்டு எங்கே போக?

சுபாவுக்கு மெமோ வந்தது. "நிர்ணயித்த அளவுக்கு மேல் நீர் எடுக்கும்படி மிஷினை அமைத்தமைக்கு விளக்கம் தரவும்." அண்ணாச்சிக்கு ஊசி குத்தி மிஷினோடு இணைத்தது அவள். தாளில் அந்த இடத்தில் அவள் கையெழுத்துத்தான் இருக்கிறது.

ஸ்டோர் ரூமில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் மூணரை கிலோதான் வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு மணிக்கும் எட்டரைக்கும் நீங்க பிரஷர் பாக்கவே இல்லயே அக்கா."

"தாளப் பாரு. எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு" என்றாள். அந்த வார்த்தையை எச்சில் துப்புவதுபோலத் துப்பினாள்.

சாப்பிட்டது: இல்லை.

ஜூன் 14, சனி

டாக்டர் ஹமீதாவிடம் போனேன். டைரியைக் கொடுத்தேன். சாப்பாட்டு வரிகளை மட்டும் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

"போன வாரத்தத் தவிர, ஞாயித்துக்கெழம ஏன் குமட்டல?"

"மீன்னு நெனச்சேன்."

"மீன் இல்லாத ஞாயித்துக்கெழமையும் குமட்டலயே."

அவர் முந்தின பக்கங்களுக்குத் திருப்பினார்.

"செருப்பு மாட்டும்போது குமட்டுது. யூனிபார்ம் இஸ்திரி போடும்போது குமட்டுது. பியூலா, இது சாப்பாடு இல்ல. மூணு நாலு மாசமா அளவுக்கு மேல வேல பாத்து, உடம்பும் மனசும் ரெண்டும் ஓய்ஞ்சு போச்சு. பர்ன்அவுட்னு சொல்றோம். முதல்ல அசதி. அப்புறம் யாரப் பாத்தாலும் வெறுப்பு, எரிச்சல். அந்த டீச்சர் செத்ததுக்கு நீங்க எழுதியிருக்கீங்களே, அது நீங்க இல்ல, எனக்குத் தெரியும். ஒரு மனநல டாக்டரப் பாருங்க. மொதல்ல லீவு போடுங்க."

பிறகு ஜூன் ஆறாம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க என்ன நடந்துச்சு?"

"பிரஷர் இறங்குச்சு. அவ்வளவுதான்."

அவர் டைரியை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எரிச்சலாக இருந்தது. எத்தனை சுலபமாக ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நான் வீட்டில் படுத்துத் தூங்கலாம். சுபா மெமோவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பாள்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

அன்று அண்ணாச்சி நாலேமுக்கால் கிலோ கூடுதலாக வந்தார். ஒரு தடவைக்கு மூன்றரைக்கு மேல் எடுக்கக்கூடாது, மீதிக்கு மறுநாள் வரச் சொல்லவேண்டும் என்பது எங்கள் பிரிவு டாக்டர் நவநீதன் போட்ட விதி. சுபா மூன்றரைதான் வைத்தாள். மறுநாள் என்றால் எனக்கு இன்னொரு ஆள் கூடும். அதோடு அவர் அன்றைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு வந்து என்ன சிரிப்பு என்று பற்றிக்கொண்டு வந்தது. சுபா அந்தப் பக்கம் போனதும் நான் போய் நாலேமுக்காலாக மாற்றினேன். நல்லாப் பிழிஞ்சு எடுக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளைத்தான் நினைத்தேன். மாற்றிச் சொல்லமாட்டேன்.

ஏழரைக்குப் பிறகு நான் பிரஷர் பார்க்கவில்லை. எட்டுக்கு 130/80, எட்டரைக்கு 126/80 என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதினேன். எட்டரைக்குச் சற்று முன்னால் அவர் கூப்பிட்டார். "சிஸ்டர், கால் இழுக்குது." நான் நிமிர்ந்து பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. பதினேழு வருஷ நர்ஸுக்கு அது என்னவென்று தெரியாமலா இருக்கும்? "தண்ணி குடிக்கும்போது இனிச்சுதுல்லா?" என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"சிஸ்டர், கண்ணு மங்குது."

குனிந்தே இருந்தேன்.

மிஷின் கத்தியபோது சுபாதான் ஓடினாள். காலை உயர்த்தி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் ஏற்றி, டாக்டரைக் கூப்பிட்டு, எல்லாம் அவள். நான் எழுந்து நின்றேன். எனக்கு அந்த நேரம் பயம் வரவில்லை, பரிதாபம் வரவில்லை. இன்றைக்கு நேரமாகும் என்று மட்டும் தோன்றியது.

டாக்டர் ஹமீதா சொன்ன பெயர் உண்மையாக இருக்கலாம். எட்டு மிஷினுக்கு இரண்டு பேர் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பட்டனை அழுத்தியது என் விரல்.

ஜெபராஜிடம் டைரியைக் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்தார். பிறகு, "நாளைக்கு எத்தன மணிக்குப் போற? நானும் வாரேன்" என்றார்.

ஜூன் 16, திங்கள்

டாக்டர் நவநீதன் அறையில் எழுதிக் கொடுத்தேன். அளவை மாற்றியது நான். பிரஷர் பார்க்காமல் எழுதியது நான். அண்ணாச்சி கூப்பிட்டும் எழாதது நான். சுபா மேல் தப்பில்லை. கடைசியில் இன்னொரு வரியும் எழுதினேன்: பிப்ரவரியிலிருந்து எட்டு மிஷினுக்கு இரண்டு பேர் வேலை பார்க்கிறோம், ஐந்து தடவை எழுதிக் கேட்டும் ஆள் போடவில்லை.

அங்கிருந்த கிளமெண்ட் படித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். "கடைசி வரி மட்டும் வேண்டாம் மேடம். தப்ப ஒத்துக்கிட்டீங்க, பெரிய மனசு. அதோட நிறுத்திக்கலாம். நிர்வாகத்துமேல பழி போடுற மாதிரி இருக்கு."

"நான் செஞ்சதும் இருக்கட்டும். நீங்க செஞ்சதும் இருக்கட்டும்."

"ஒங்களுக்கு நல்லதுக்குச் சொல்றேன்."

"எனக்கு நல்லது செய்யாதிய கிளமெண்ட். வாந்தி வருது."

நிஜமாகவே வந்தது. அந்த அறையின் குப்பைக்கூடையில் எடுத்தேன். டாக்டர் நவநீதன் தண்ணீர் கொடுத்தார். கடிதத்தை மடித்து அவர் தன் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வரியும் அடிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

இரண்டு மாதம் சஸ்பென்ஷன். சுபாவின் மெமோவை ரத்து செய்தார்கள்.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கு, தச்சநல்லூருக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய்க்கோணல் பாதி சரியாகியிருந்தது. நான் செய்ததை நின்றபடியே சொன்னேன். அவர் மனைவி பேச்சியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"இத எதுக்கு இங்க வந்து சொல்லுதிய? ஒங்க மனசுப் பாரம் எறங்கணும்னா?"

"இல்லம்மா. ஒங்களுக்குத் தெரியணும்."

"இனி எந்த நர்ஸு கையில நான் இவுகள ஒப்படைப்பேன்? வாரத்துக்கு மூணு நாளு அனுப்பணுமே. அனுப்பிட்டு வீட்டுல எப்படி உக்காந்திருப்பேன்?"

அண்ணாச்சி மெதுவாகப் பேசினார். வார்த்தை குழறியது.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். நான் கூப்பிட்டப்ப நீங்க என்னயப் பாத்திய. பாத்துட்டுக் குனிஞ்சிய. முப்பது வருசம் பஸ்ஸுல எத்தனையோ மூஞ்சியப் பாத்திருக்கேன். கோவமா இருந்தாக்கூடப் பயந்திருக்க மாட்டேன். அந்த மூஞ்சில ஒண்ணுமே இல்ல."

"போயிட்டு வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை. பேச்சியம்மாள் கதவைச் சாத்தும் சத்தம் தெருமுனை வரை கேட்டது போலிருந்தது.

ஜூலை 5, சனி

மனநல டாக்டரை மூன்று தடவை பார்த்தாயிற்று. மாத்திரை போட்டுப் பகலிலும் தூங்குகிறேன். விழித்தால் அந்த வெளுத்த முகம் வருகிறது. டாக்டர், "வரட்டும், பிப்ரவரிக்கு அப்புறம் இப்பத்தான் ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணு உள்ள போகுது" என்றார். கோமதி டீச்சருக்காக நேற்று அழுதேன். ஒன்றரை மாதம் கழித்து. இதையும் பார்த்தால் கேவலமாகத்தான் இருக்கிறது.

ஜெமிமாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. காலையில் எனக்கும் சேர்த்துத் தோசை சுட்டு வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள்.

ஜூலை 10, வியாழன்

சுபா வந்தாள். மருந்து அலமாரியின் இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. இப்போது அவள்தான் பிரிவுக்குப் பொறுப்பு. ஒரு ஆள் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர். மிஷின் அதே எட்டு. வாசலிலேயே நின்றாள்.

"ஒங்கமேல கோவம் போகல அக்கா."

"போக வேண்டாம்."

"ஆனா ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். முந்தாநாள் ஒரு அம்மா வலிக்குதுன்னு அழுதாங்க. நான் சட்டுனு, வாய மூடுங்கன்னு சொல்லிட்டேன். சொன்னது நான்தானான்னு இருந்துச்சு. நான் ஒங்கள மாதிரி ஆயிருவேனா?"

பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

"ஆயிருவ. இப்படியே போனா ஆயிருவ. எனக்கு ஒரே நாள்ல ஆகல. ஒண்ணொண்ணா எழுதி வச்சிருந்தேன், எனக்கே தெரியல. எட்டையும் திறக்காத சுபா. மூணு பேருக்கு ஆறு மிஷின். மத்த ரெண்டையும் பூட்டிட்டு, எழுத்துல குடு."

"பேஷண்ட் காத்துக் கெடப்பாங்களே அக்கா. சத்தம் போடுவாங்க. கிளமெண்ட் சும்மா விடுவாரா?"

"விடமாட்டாரு."

"அப்ப நீங்க பொறுப்புல இருந்தப்ப ஏன் இதச் செய்யல?"

எல்லாரும் என்னை நல்ல நர்ஸ் என்று சொன்னார்கள், அந்தப் பெயர் போய்விடும் என்று செய்யவில்லை. இதை எப்படி அவளிடம் சொல்வது? "செஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 14, திங்கள்

மதியம் சுபா போன் செய்தாள். காலையில் ஆறு மிஷினை மட்டும் திறந்தாளாம். இரண்டைப் பூட்டி, காரணத்தை எழுதி டாக்டர் நவநீதனிடம் கையெழுத்து வாங்கிவிட்டாளாம். கிளமெண்ட் வந்து கத்திவிட்டுப் போனாராம். புது மெமோ தயாராகிறதாம். காலை ஷிப்டில் இடமில்லாமல் இரண்டு பேரை மதியத்துக்குத் தள்ளவேண்டியதாயிற்று. அதில் ஒருவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி.

"பேசாம இருந்தாரா?" என்றேன்.

"எங்க அக்கா! வராண்டாவுல ஒக்காந்துக்கிட்டு மூணு மணி நேரமா என்னையும் திட்டுதாரு, ஒங்களையும் திட்டுதாரு, ஆஸ்பத்திரியையும் திட்டுதாரு. அந்தக் கோண வாயோட என்ன பேச்சுங்கிய! இந்தா, இப்பவும் கேக்குதுல்லா?"

போனில் கேட்டது. ஆஸ்பத்திரி இரைச்சலுக்கு மேலே அவர் குரல், குழறலோடு, கெட்ட வார்த்தையோடு. நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னென்ன சொல்லித் திட்டுகிறார் என்று ஒவ்வொன்றாகக் காதில் வாங்கினேன். எல்லாம் எனக்குச் சேரவேண்டியதுதான். திட்டட்டும். உயிரோடு உட்கார்ந்து திட்டுகிறார்.